பிள்ளை கையில் போன் கொடுப்பதற்கு முன்: நைட் டியூட்டி பார்க்கும் ஓர் அம்மாவின் ஏற்பாடுகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நைட் டியூட்டி வரும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடியில் லோடு ஏற்றினால் ஆந்திரா, நாக்பூர் என்று போய்த் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வீட்டில் ஏழாம் வகுப்பு மகள், மூன்றாம் வகுப்பு மகன், என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி. நாங்கள் இருவரும் இல்லாத ராத்திரியில் அந்த மூன்று பேரையும் எங்களையும் சேர்த்து வைப்பது ஒரு போன்தான். அதை எப்படித் தயார் செய்து கொடுத்தேன், எங்கே தப்பு விட்டேன் என்பதை எழுதுகிறேன். என்னைப் போல ஷிப்டு வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், போன் எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் இரண்டே வரி இருந்தது. மகள் சமாதானபுரத்திலிருந்து மகாராஜநகருக்கு டியூஷன் போய் வரும்போது பேச வேண்டும். ராத்திரி வீட்டில் ஏதாவது என்றால் எனக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் பட்டன் போனே போதும். ஐந்து மாதம் அதைத்தான் வைத்திருந்தாள், ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் என்றால் தனிப் போனே வேண்டாம், வீட்டுக்குப் பொதுவாக ஒரு பட்டன் போன் போதும் என்பது என் எண்ணம். டியூஷன் முடிய எட்டு மணி ஆகத் தொடங்கி, அவள் எங்கே வருகிறாள் என்று பார்க்க வேண்டிய தேவை வந்த பிறகுதான் ஸ்மார்ட்போனுக்கு மாறினோம்.

அடுத்தது சிம். 18 வயது ஆகாதவர்களுக்கு அவர்கள் பெயரில் சிம் கொடுக்கக்கூடாது. அதனால் பிள்ளையின் எண் அம்மா அல்லது அப்பா பெயரில்தான் இருக்கும்; அந்த எண்ணிலிருந்து எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சிம்மைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த எண் வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ இணைந்திருந்தால், ஓடிபி எல்லாம் பிள்ளையின் போனுக்குப் போகும். போன் தொலைந்தால் கணக்கும் சேர்ந்து ஆபத்தில் மாட்டும். எந்தக் கணக்கிலும் இணையாத புது எண் வாங்குவதுதான் நல்லது.

ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்கும் இடத்தில் வாங்காதீர்கள். கடைக்குப் போய் வாங்குங்கள். "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்கம்மா" என்று சொன்னால், முதல் முறை ஏன் விழவில்லை என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது முறை வைத்த ரேகையில் உங்கள் பெயரிலேயே வேறு ஒருவருக்குச் சிம் எடுத்துவிடும் மோசடி நடக்கிறது. வாங்கிய பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். எனக்கு நான்கு காட்டியது. அதில் ஒன்று நான் பார்த்தே இராத எண். 'இது என் எண் இல்லை' என்று குறித்துப் புகார் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து செய்துவிடுங்கள்.

புதுச் சிம்மில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒருவர் பயன்படுத்தாமல் விட்ட எண்ணைச் சில காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மகளுக்கு வாங்கிய எண்ணுக்கு மூன்றாம் நாளே ஒரு ஆண் குரல்: யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, தவணை எப்போது கட்டப் போகிறாய் என்று அதட்டல். பிள்ளை பயந்து போனை ஆச்சி கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதனால் சொல்கிறேன்: புதுச் சிம்மை முதல் இரண்டு வாரம் உங்கள் போனில் போட்டு வையுங்கள். பழைய ஆளைத் தேடி வரும் அழைப்பும் மெசேஜும் உங்களுக்கு வரட்டும். சொல்லிப் புரியவைத்து, சிலவற்றை பிளாக் செய்து, அமைதியான பிறகு பிள்ளையின் போனுக்கு மாற்றுங்கள்.

ரீசார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பில்லில் மூன்று நான்கு எண் சேர்க்கும் குடும்ப போஸ்ட்பெய்டு திட்டங்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கின்றன. ஒரு தேதி, ஒரு பில் என்பது வசதிதான். ஆனால் டேட்டாவை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் திட்டம் என்றால், பிள்ளை பார்க்கும் வீடியோ உங்கள் பங்கைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய விஷயம், பில் கட்டத் தவறினால் எல்லா எண்ணும் ஒன்றாக நிற்கும். லாரி ஓட்டும் வீட்டில் கையில் பணம் வரும் தேதி மாதா மாதம் ஒன்றாக இருக்காது. அதனால் எங்களுக்கு ஆளுக்குத் தனி ப்ரீபெய்டுதான் சரியாக வந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு போஸ்ட்பெய்டு ஒத்துவரலாம்.

ஆச்சியின் பட்டன் போனுக்கு வீணாக டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் ஆகும் பேக்குகளைக் கம்பெனிகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அந்த வகைப் பேக்கின் காலத்தை 365 நாள் வரை கொடுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனி ஆப்பில் அது எங்கேயோ கீழே இருக்கும், தேடிப் பாருங்கள். கடைக்காரரிடம் "டேட்டா இல்லாத பேக்" என்று கேட்டாலும் போட்டுத் தருவார். பட்டன் போன் வைத்திருக்கும் பிள்ளைக்கும் இதுவே போதும். ஸ்மார்ட்போனில் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் டேட்டா தேவை, ஏனென்றால் நெட் இல்லாத போன் தன் இடத்தை உங்களுக்குச் சொல்லாது.

இனி போனைத் தயார் செய்வது. என் பழைய போனைத்தான் மகளுக்குக் கொடுத்தேன். பழைய போன் என்றால் முதலில் செட்டிங்ஸில் உங்கள் கூகுள் கணக்கை நீக்குங்கள், அப்புறம் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். போட்டோவை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தால் உங்கள் மெயில், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் உள்ளேயே இருக்கும். புதிதாகத் தொடங்கும்போது பிள்ளைக்கென்று கணக்கு திறக்கச் சொல்லி ஒரு வழி வரும். அதில் பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் முன்பு ஒரு முறை அவசரத்தில் 1998 என்று ஆண்டைப் போட்டு அவளுக்கு ஒரு கணக்கு திறந்திருந்தார். கூகுள் கண்ணுக்கு அவள் இருபது தாண்டிய பெண். வயதுக்கேற்ற வடிகட்டல் எதுவும் வேலை செய்யவில்லை. அந்தக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் என்ற ஆப்பை இறக்குங்கள். கூகுளுடையது, இலவசம். பிள்ளையின் கணக்கு அதில் சேர்ந்ததும், எந்த ஆப் இறக்க வேண்டுமானாலும் உங்களுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். என்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர் வீட்டில் ஐபோன். அவர்கள் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியில் இதே வேலையைச் செய்கிறார்கள். நான் ஆண்ட்ராய்டு பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூட்டும் நேரத்தை இரவு 9:30 என்று வைத்தேன். நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு டியூட்டிக்குப் போனேன். நான்காவது ராத்திரி, 9:40 இருக்கும், ஆச்சிக்கு சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, வாய் குழறுகிறது. அவருடைய பட்டன் போனில் சார்ஜ் இல்லை. மகள் தன் போனை எடுத்தால் பூட்டியிருக்கிறது. எத்தனை முறை பேட்டர்ன் போட்டாலும் திறக்கவில்லை. நல்லவேளை, இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். தம்ளரில் மூன்று ஸ்பூன் சீனி கரைத்து ஆச்சியை உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட ஓடியிருக்கிறாள். அவர் போனிலிருந்து வார்டு நம்பருக்கு அழைப்பு வந்தபோது மணி பத்து. ஆச்சி தேறிவிட்டார். ஆனால் அந்த இருபது நிமிடம் பிள்ளை கையில் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

காலையில் வந்து முதல் வேலையாக இவற்றைச் செய்தேன். நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். ஃபேமிலி லிங்கில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கும் இடத்தில் 'எப்போதும் அனுமதி' என்று ஒன்று உண்டு. அழைப்பு செய்யும் ஆப்பை அதில் சேருங்கள். பிறகு போனில் பாதுகாப்பு, அவசரம் என்று இருக்கும் செட்டிங்கில் அவசரத் தொடர்பாக அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு எண்களைப் போடுங்கள். பூட்டிய திரையிலேயே 'அவசர அழைப்பு' என்பதைத் தொட்டு அங்கிருந்து அவர்களைக் கூப்பிட முடியும். அவசர உதவி எண் 112 பூட்டிய போனிலிருந்தும் போகும். மகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை, நான் சொல்லவில்லை. பூட்டிய போனுக்கு வரும் அழைப்பையும் எடுக்கலாம். எல்லாம் செய்த பிறகு பகலிலேயே போனைப் பூட்டிப் பார்த்து, பிள்ளையை விட்டு உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். போன் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதனால் செய்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

வார்டில் எங்கள் போன் லாக்கரில் இருக்கும். அதனால் வார்டின் லேண்ட்லைன் நம்பரைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கினேன். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் அட்டையில், 112, 108, குழந்தைகள் உதவிக்கான 1098, வார்டு நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் ஐந்தையும் தடித்த பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஆச்சி கண்ணாடி போடாமலே படிக்கிற அளவு எழுத்து.

அனுமதி கொடுக்கும் உரிமையை அப்பாவுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். நான் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது ஆப் வேண்டும் என்றால் அவர் கொடுப்பார் என்று கொடுத்தேன். விஜயவாடா பக்கம் டோல்கேட்டில் நிற்கும்போது மகளிடமிருந்து ஒரு கேம் கேட்டு வந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்து எட்டு நாள் ஆன மனுஷர், உடனே சரி என்று தட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று முந்தின நாள் சொல்லியிருந்த அதே கேம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தூரத்தில் இருக்கிறவருக்குப் பிள்ளை கேட்டதைக் கொடுக்க அந்த ஒரு பட்டன்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை யாரிடம் கேட்டால் நடக்கும் என்று கற்றுக்கொள்வது நல்லதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேசி வைத்தோம்: எந்த அனுமதிக்கும் இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது, அவசரம் இல்லாத எதையும் மறுநாளைக்குத் தள்ளுவது. இன்னொன்றும் அப்போது தெரிந்தது. ஒரு முறை அனுமதித்த ஆப்பை நீங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டாலும், பிள்ளை மறுபடி அனுமதி கேட்காமலே இறக்கிக்கொள்ள முடியும். ஃபேமிலி லிங்கில் அந்த ஆப்பைத் தேடி பிளாக் செய்தால்தான் நிற்கும்.

பணம் சம்பந்தமாக ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்வேன்: பிள்ளையின் போனில் யுபிஐ ஆப் எதுவும் வேண்டாம், பிளே ஸ்டோரில் கார்டும் வேண்டாம். வாங்கும் எதற்கும் பெற்றோர் அனுமதி தேவை என்று வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பணம் போனது மகள் போனிலிருந்து இல்லை, என் போனிலிருந்துதான். எட்டு வயது மகன், நான் மளிகைக் கடையில் பின் நம்பர் போடுவதைப் பக்கத்தில் நின்றே பார்த்து வைத்திருந்தான். நான் நைட் முடிந்து தூங்கும்போது கேமில் வைரம் வாங்க மூன்று தடவை, மொத்தம் 1,580 ரூபாய். எழுந்ததும் பேங்க் மெசேஜைப் பார்த்து, 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேட்டேன், திரும்ப வந்தது. தாமதித்தால் கஷ்டம். பின் நம்பரை மாற்றினேன், இப்போது யார் நின்றாலும் கையால் மறைத்துத்தான் போடுகிறேன். அவனிடம் என் போனைக் கொடுக்க நேர்ந்தால் ஸ்கிரீன் பின் வசதியைப் போட்டுக் கொடுக்கிறேன்; திறந்திருக்கும் அந்த ஒரு ஆப்பை விட்டு, லாக் நம்பர் இல்லாமல் வெளியே போக முடியாது. அவனுக்கு யூடியூப் கிட்ஸ் மட்டும், 5 முதல் 8 வயது என்ற பிரிவில், தேடும் வசதியை நிறுத்தி. யாராவது ஏமாற்றிப் பணம் போனது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பிள்ளை தானாக வாட்ஸ்அப் கணக்கு திறக்கக் குறைந்தது 13 வயது வேண்டும். வீட்டுப்பாடம் வருகிற குரூப்புக்காக என் வாட்ஸ்அப்பை மகள் போனிலும் இணைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, "அம்மா, அத்தை ஏன் அப்பாவைப் பத்தி அப்படி எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்துச் சண்டை, வார்டில் இறந்த நோயாளியைப் பற்றிய பேச்சு, எல்லாம் பிள்ளை கண்ணில் பட்டிருக்கிறது. அன்றே எடுத்துவிட்டேன். இப்போது டியூட்டிக்குக் கிளம்பும் முன் குரூப்பைத் திறந்து வீட்டுப்பாடத்தை அவள் நோட்டில் எழுதவைத்துவிட்டுப் போகிறேன்.

இருக்கும் இடம் காட்டும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வருவது போன் கடைசியாகச் சொன்ன இடம். ஒரு நாள் ராத்திரி எட்டேகாலுக்கு மகள் வண்ணார்பேட்டையில் இருப்பதாகக் காட்டியது. போகும் வழியே இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அழைத்தால் முருகன்குறிச்சி தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அதனால் புள்ளியைப் பார்த்துப் பதறாமல் முதலில் அழைத்துப் பேசுங்கள். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். எனக்கு அதுதான் அதிகம் பயன்படுகிறது.

பிள்ளைக்குத் தெரியாமல் மெசேஜ் படிக்கும் ஆப் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். நான் போடவில்லை. மகள் முதல் நாளே கேட்டாள், "நான் எழுதுறதை எல்லாம் நீ படிப்பியா?" என்று. ஃபேமிலி லிங்கைத் திறந்து அவளுக்கே காட்டினேன்: எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று தெரியும், இடம் தெரியும், பேசுவதும் எழுதுவதும் தெரியாது. இவ்வளவுதான் பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் போனை மறைத்து வைத்து நான் பார்க்கவில்லை.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்து "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டால், "இல்லை, டியூட்டிக்குப் போயிருக்காங்க" என்று பிள்ளைகள் வெள்ளந்தியாகச் சொல்லிவிடும். வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று அந்நியருக்குத் தெரிவித்தாகிவிட்டது. "அம்மா வேலையா இருக்காங்க, அப்புறம் கூப்பிடுவாங்க" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். பொய்யும் இல்லை, விவரமும் போகாது. "அம்மாவுக்கு விபத்து, என்கூட வா" என்று யாராவது வந்தால் கேட்க எங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் உண்டு. ஆச்சிக்கும் தெரியும். அந்தச் சொல் தெரியாதவரோடு போகக்கூடாது.

போன் தொலைந்தால் கைகொடுக்கும் ஒரு வேலையை இப்போதே செய்து வையுங்கள். *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண், அதாவது ஐஎம்இஐ எண் வரும். அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் எழுதிப் போடுங்கள். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, சஞ்சார் சாத்தியில் போனை முடக்கச் சொல்லலாம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் எந்த ஊரில் இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, நான்கு பேரும் உட்கார்ந்து நேரத்தையும் ஆப்புகளையும் பார்க்கிறோம். போன மாதம் மகள் பூட்டும் நேரத்தை பத்து மணியாக்கக் கேட்டாள். பரீட்சை முடிந்ததும் வெள்ளி, சனிக்கு மட்டும் என்று முடிவானது. ராத்திரி எல்லாப் போனும் ஹாலில் டிவி ஸ்டாண்டில்தான் சார்ஜில் இருக்கும், ஆச்சியின் பட்டன் போன் உட்பட. டியூட்டிக்குக் கிளம்பும் முன் அதன் வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறேன்.